‘நடவுங்கோ’ என்று சொன்னால் மட்டும் போதுமா? போருக்குப் பின்னான உடல்களும் இயன்மருத்துவமும்

2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் வன்னியில் காயப்பட்டவர்களில் கணிசமானோர் அப்போது இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தார்கள். புதுமாத்தளனில் இருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் கப்பலில் திருகோணமலைக்கும், பின்னர் புல்மோட்டைக்கும் கொண்டுசெல்லப்பட்ட காயக்காரர்களுக்கு அன்று வேண்டியிருந்தது உயிர் மட்டுமே. இரத்தப்போக்கை நிறுத்துவது, கிருமித் தொற்றைத் தடுப்பது, காப்பாற்ற முடியாத காலை அகற்றுவது என்பவற்றோடு அன்றைய மருத்துவம் முடிந்துவிட்டது. அதற்குப் பின்னான வாழ்க்கையைப் பற்றிக் கதைக்க யாருக்கும் நேரமிருக்கவில்லை.

அந்தக் காயக்காரர்கள் இன்று நாற்பதையும் ஐம்பதையும் தொடுகின்றார்கள். இப்போது அவர்களை வைத்தியசாலைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் சலரோகம், பிறசர், நாரி நோவு, முழங்கால் நோவு, படுக்கைப் புண், தோள்மூட்டு நோவு போன்றவை. இவற்றில் பல நேரடியாகப் போரினால் வந்தவை அல்ல. போர் விட்டுச்சென்ற உடல் நீண்டகாலம் அசையாமல் இருந்ததால் வந்தவை. இந்த இரண்டாவது பாதிப்பைப் பற்றி நாம் போதியளவு கதைக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரைக்கான காரணம்.

இதை எழுதுவதற்காக வடக்கில் பணியாற்றும் இயன்மருத்துவர்கள் சிலருடனும், அவர்களிடம் சிகிச்சை பெறுபவர்களுடனும் கதைத்தேன். எல்லோரும் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். இயன்மருத்துவர் என்பவரை நம் மக்கள் ‘பிசியோ’ என்பார்கள். ‘கரண்ட் பிடிக்கிற இடம்’ என்று சொல்பவர்களும் உண்டு. பிரச்சினை அந்தப் பெயரிலேயே ஆரம்பிக்கின்றது. இயன்மருத்துவம் என்றால் கட்டிலில் படுத்திருக்க, யாரோ ஒருவர் இயந்திரத்தை வைத்து நோவை எடுத்துவிடுவது என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்திருக்கின்றது. ஆனால் அந்தத் துறையின் இன்றைய அடிப்படை நேர்மாறானது. நோயாளியைத் தானாக அசைய வைப்பதுதான் சிகிச்சை; இயந்திரங்கள் அதற்குத் துணை மட்டுமே.

ஓய்வு மருந்தாக இருந்த காலம்

‘ஓய்வெடுங்கோ’ என்பது நம் சமூகத்தில் அன்பின் மொழி. நாரி நோவு என்றால் படுக்க வைப்போம். முழங்கால் வீங்கினால் கதிரையில் இருத்துவோம். கால் இழந்த பிள்ளையைக் கிணற்றடிக்குக்கூட நடக்கவிடாமல் தண்ணீரைக் கொண்டுவந்து வைப்போம். போருக்குப் பின்னர் இந்த அன்பு இன்னும் இறுக்கமானது. எல்லாவற்றையும் இழந்து, மிஞ்சிய ஒருவரையாவது நோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தாய்மார் நினைப்பதில் பிழை காண முடியாது.

ஆனால் உடலின் கணக்கு வேறு. சாதாரண நாரி நோவுக்கு நாட்கணக்கில் படுத்திருப்பது குணமாவதைத் தாமதப்படுத்தும் என்பது மருத்துவ உலகில் இன்று பொதுவாக ஏற்கப்பட்ட விடயம். முழங்கால் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியே முதல்நிலைச் சிகிச்சைகளில் ஒன்று. மூட்டுக் குருத்தெலும்புக்கு நேரடியான இரத்த ஓட்டம் இல்லை. மூட்டு அசையும்போதே அதற்கு ஊட்டம் கிடைக்கின்றது. நீரிழிவு உள்ளவரின் தசை வேலை செய்யும்போது இரத்தத்தில் உள்ள குளுக்கோசை அது எடுத்துக்கொள்கின்றது. மாத்திரை செய்யும் வேலையில் ஒரு பகுதியை நடை செய்கின்றது.

காலை இழந்தவர்களின் நிலை இன்னும் நுணுக்கமானது. வெட்டிய காலின் அடியில் தலையணை வைத்துப் படுத்திருப்பது சுகமாக இருக்கும். ஆனால் நாட்கணக்கில் அப்படி இருந்தால் இடுப்பும் முழங்காலும் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். பிறகு செயற்கைக் கால் கிடைத்தாலும் அதைப் போட்டு நிமிர்ந்து நிற்க முடியாது. இதனால்தான் இயன்மருத்துவர்கள் தலையணையை எடுக்கச் சொல்கின்றார்கள். தினமும் சிறிது நேரம் குப்புறப் படுக்கச் சொல்கின்றார்கள். 2009இல் மனிக் பாம் முகாமின் கூடாரங்களில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லக்கூடிய ஆட்கள் மிகச் சிலரே. இன்றும் இறுகிய மூட்டுடன் பலர் வருகின்றார்கள் என்று ஒரு இயன்மருத்துவர் சொன்னார்.

உலகம் சொல்வது என்ன?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் உடல் இயக்கம் தொடர்பான வழிகாட்டலைப் புதுப்பித்தது. வளர்ந்தவர்கள் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடல் இயக்கத்தில் ஈடுபட வேண்டும். கிழமையில் இரண்டு நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அந்த வழிகாட்டலில்தான் முதன்முறையாக மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியான பரிந்துரை சேர்க்கப்பட்டது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் உடல் இயக்கம் தேவை, அது அவருக்குப் பாதுகாப்பானதாக அமைய முடியும் என்று உலக அளவில் எழுத்தில் வந்தது அப்போதுதான்.

2024இல் அதே நிறுவனம் வெளியிட்ட கணிப்பின்படி, 2022ஆம் ஆண்டில் உலகின் வளர்ந்தவர்களில் 31 வீதமானோர், அதாவது சுமார் 180 கோடிப் பேர், போதிய உடல் இயக்கம் இல்லாமல் இருந்தார்கள். தெற்காசியாவில் இது 45 வீதம். உலகளவில் ஆண்களில் 29 வீதம் என்றால் பெண்களில் 34 வீதம். இலங்கையில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை தொற்றா நோய்களினால் ஏற்படுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இயன்மருத்துவர் ஏன் ஒவ்வொரு நோயாளியிடமும் ‘நடக்கிறீங்களோ?’ என்று கேட்கின்றார் என்பது விளங்கும்.

எனினும் இந்தப் புள்ளிவிபரங்கள் ஒரு சராசரி மனிதரை வைத்துச் சொல்லப்படுபவை. வன்னியில் அந்தச் சராசரி மனிதர் இல்லை.

ஏன் அசைவதில்லை?

‘சொன்னாலும் செய்யமாட்டினம்’ என்பது வைத்தியசாலைகளில் அடிக்கடி கேட்கும் குறை. செய்யாதவர்களின் பக்கம் இருந்து பார்த்தால் காரணங்கள் சோம்பலில் இருந்து வெகு தூரத்தில் இருக்கின்றன.

முதலாவது, பயம். உடலுக்குள் செல் துண்டுகளோடு வாழ்பவர்கள் நம்மிடையே ஏராளம். அசைந்தால் துண்டு நகர்ந்து நரம்பை வெட்டிவிடும், முள்ளந்தண்டுக்குள் போய்விடும் என்ற பயம் பலருக்கு இருக்கின்றது. நீண்டகாலமாக உள்ளே இருக்கும் துண்டைச் சுற்றி உடல் பெரும்பாலும் தழும்புத் திசுவை உருவாக்கி அதை ஓரிடத்தில் பிடித்துவைக்கும். ஆனால் எல்லாத் துண்டுகளும் ஒன்றல்ல. மூட்டுக்குள் அல்லது முக்கிய நரம்புக்கு அருகில் உள்ளதை எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்த விளக்கத்தை ஒருவருக்குப் பொறுமையாகச் சொல்வதற்குக் குறைந்தது பத்து நிமிடமாவது வேண்டும். நெரிசலான கிளினிக்கில் அந்தப் பத்து நிமிடம் கிடைப்பதில்லை.

இரண்டாவது, வேலை. ‘விடிய எழும்பி இரவு வரைக்கும் வேலைதான் செய்யிறன், இதுக்கு மேல என்ன எக்சசைஸ்?’ என்று வெங்காயத் தோட்டத்தில் கூலிவேலை செய்யும் ஒரு அம்மா என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கின்றது. நாள் முழுக்கக் குனிந்து களை பிடுங்குவதும் உடல் இயக்கம்தான். ஆனால் அது ஒரே தசையை, ஒரே மூட்டை, ஓய்வில்லாமல் வருத்தும் இயக்கம். அவருக்கு வேண்டியது இன்னொரு அரை மணிநேர நடை அல்ல. நாரியையும் தொடையையும் பலப்படுத்தும் நாலைந்து பயிற்சிகளும், வேலைக்கு நடுவே நிமிர்ந்து நிற்பதற்கான இடைவேளையும்தான். ‘நடவுங்கோ’ என்ற ஒரே மருந்துச்சீட்டு அவருக்குப் பொருந்தாது.

மூன்றாவது, செயற்கைக் கால். அதை அணிந்து நடப்பவர் அதே தூரத்தை நடக்க மற்றவர்களை விடக் கூடுதல் சக்தியைச் செலவிடுகின்றார். முழங்காலுக்கு மேலே காலை இழந்தவருக்கு அந்தச் செலவு இன்னும் அதிகம். வயதாக, உடல் எடை மாற, வெட்டிய காலின் அளவும் மாறுகின்றது. பொருந்தாத செயற்கைக் கால் உரசிப் புண்ணாக்குகின்றது. புண் ஆறும்வரை கழற்றி வைத்தால், அந்த நாட்களில் நடை இல்லை. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் போன்றவை பல தசாப்தங்களாக இந்தப் பணியைச் செய்துவருகின்றன. ஆனால் முல்லைத்தீவின் உட்கிராமத்தில் இருந்து ஒருவர் காலைத் திருத்துவதற்கு யாழ்ப்பாணம் வருவதென்றால் ஒரு நாள் கூலியும், இரண்டு பேருக்கான பஸ் காசும் போய்விடும்.

நான்காவது, வீதி. நடப்பதற்கு வீதி வேண்டும். மாலையில் தனியாக வீதியால் நடக்கும் பெண்ணை, அதுவும் கணவன் இல்லாத பெண்ணை, ஊர் எப்படிப் பார்க்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ‘எங்க போறா?’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒரு பெண் வெறுமனே நடக்க முடியாது. இதோடு வெயில், கட்டாக்காலி நாய்கள், வெளிச்சம் இல்லாத ஒழுங்கைகள். ஒரு காலத்தில் ஆணும் பெண்ணும் சைக்கிளில் போன யாழ்ப்பாணத்தில் இன்று சந்திக்கடைக்கும் ஸ்கூட்டியில்தான் போகின்றோம்.

ஐந்தாவது, மனம். போரின் நினைவுகளால் வதைபடுபவர்களிடமும் மனச்சோர்வு உள்ளவர்களிடமும் நீண்டகால நோவு கூடுதலாகக் காணப்படுகின்றது. நோவு நினைவைக் கிளறுகின்றது. நினைவு தசையை இறுக்கி நோவைக் கூட்டுகின்றது. காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயிடம், உங்கள் இதயத்துக்கு நல்லது என்பதற்காக நடவுங்கள் என்று சொல்வதில் ஏதோ ஒரு பொருத்தமின்மை இருக்கின்றது. ‘நல்லா இருந்து என்ன செய்யப்போறன்?’ என்ற கேள்விக்கு இயன்மருத்துவப் பாடநூலில் பதில் இல்லை.

கேட்கத் தெரிந்த சிகிச்சையாளர்

நல்ல இயன்மருத்துவர்கள் இதையெல்லாம் அறிந்திருக்கின்றார்கள். அவர்கள் ‘கிழமைக்கு 150 நிமிடம்’ என்று ஆரம்பிப்பதில்லை. முதலில் கேட்கின்றார்கள்: உங்களுக்கு என்ன செய்ய விருப்பம்? கோயிலுக்குப் போக வேண்டுமா? பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டுமா? ஆள் உதவி இல்லாமல் மலசலகூடத்துக்குப் போக வேண்டுமா? அந்த விருப்பத்தில் இருந்து பின்னோக்கி வந்து இன்றைய பயிற்சியைத் தீர்மானிக்கின்றார்கள். கோயில் வரைக்கும் நடக்க விரும்புபவருக்கு முதற்கிழமை இலக்கு படலை வரைக்கும்தான். அடுத்த கிழமை பக்கத்து வீட்டுப் படலை.

பயிற்சியை ஏற்கனவே இருக்கும் பழக்கத்தோடு கட்டிவிடுவது இன்னொரு முறை. தேத்தண்ணி கொதிக்கும் நேரத்தில் கதிரையில் இருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழும்பி இருப்பது. தொலைக்காட்சியில் நாடகத்துக்கு இடையில் விளம்பரம் வரும்போது காலை நீட்டிப் பிடிப்பது. சக்கர நாற்காலியில் இருப்பவர் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறையாவது கைகளை ஊன்றி உடலைத் தூக்கி அல்லது பக்கவாட்டில் சாய்ந்து, அமர்ந்திருக்கும் இடத்துக்கு அழுத்தத்தில் இருந்து விடுதலை கொடுப்பது. இது படுக்கைப் புண்ணைத் தவிர்க்கும். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களின் உயிரைப் பறிக்கக்கூடிய தொற்றுகள் பல ஒரு சிறிய புண்ணில் இருந்தே ஆரம்பிக்கின்றன.

நோவைப் பற்றிய ஒரு எளிய அளவுகோலையும் இயன்மருத்துவர்கள் சொல்லிக்கொடுக்கின்றார்கள். பயிற்சியின்போது சிறிய நோவு வரலாம். அடுத்த நாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு வந்தால் பயமில்லை. அடுத்த நாளும் கூடுதலாக இருந்தால், வீங்கினால், அளவைக் குறைக்க வேண்டும். புதிதாக விறைப்பு, சலம் அல்லது மலம் கட்டுப்பாட்டில் இல்லாமை, நெஞ்சு நோவு, வெட்டிய காலில் புண் என்பவை வந்தால் பயிற்சியை நிறுத்தி வைத்தியரைக் காண வேண்டும். கழுத்து அல்லது மேல் முதுகுப் பகுதியில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இரத்த அழுத்தம் திடீரென ஏறும் ஆபத்து உண்டு. அவர்கள் ஆலோசனை பெறாமல் புதிய பயிற்சி எதையும் தொடங்கக்கூடாது.

ஊக்கப்படுத்தல் என்பதை ஒரு அறிவுரையாகக் கொள்ள முடியாது. அது ஒரு பேச்சுவார்த்தை. அதற்கு நேரமும், ஒருவரையே தொடர்ந்து பார்ப்பதும், அவருடைய மொழியும் தேவை. நம் பொது வைத்தியசாலைகளில் இந்த மூன்றுக்கும் உத்தரவாதம் இல்லை.

அரசின் பங்கு எங்கே?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை அவசியம். ‘நீங்கள் நடந்தால் சுகமாவீர்கள்’ என்ற வாக்கியம் மெல்ல ‘நீங்கள் நடக்காததால்தான் வருத்தக்காரர் ஆனீர்கள்’ என்று மாறக்கூடியது. அப்படி மாறும்போது போரும், அரசும், வறுமையும் கதையில் இருந்து காணாமல் போகின்றன. எல்லாப் பொறுப்பும் காயப்பட்டவரின் தலையில் வந்து விழுகின்றது. ஒற்றைக் காலோடு சாதித்தவர் என்று நம் ஊடகங்கள் எழுதும் தன்னம்பிக்கைக் கதைகளும் பல நேரங்களில் இதே வேலையைத்தான் செய்கின்றன. அவரால் முடிந்தது உன்னால் ஏன் முடியாது என்ற கேள்வி அந்தக் கதைகளுக்குள் ஒளிந்திருக்கின்றது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இலங்கையில் 1996இலேயே வந்துவிட்டது. பொதுக் கட்டிடங்களை அவர்கள் அணுகக்கூடிய வகையில் அமைப்பதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அஜித் பெரேரா தாக்கல் செய்த வழக்கில் 2011இல் உயர் நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அந்தச் சமவாயம் புனர்வாழ்வுச் சேவைகளை மக்களின் வாழிடத்துக்கு இயன்றளவு அருகில், கிராமப்புறங்கள் உட்பட, வழங்கக் கோருகின்றது. காகிதத்தில் எல்லாம் இருக்கின்றன. உங்கள் ஊர் பிரதேச செயலகத்துக்கோ, வங்கிக்கோ, பஸ்ஸுக்குள்ளோ சக்கர நாற்காலியில் ஒருவர் தனியாகச் சென்றுவர முடியுமா என்று ஒருமுறை பாருங்கள்.

முன்னேற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. நெதர்லாந்தின் நிதியுதவியுடனான திட்டத்தின் கீழ் மாங்குளத்தில் புனர்வாழ்வுக்கான மருத்துவப் பிரிவு அமைக்கப்பட்டிருக்கின்றது. போரால் அதிகம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு நடுவே அது அமைந்திருப்பது முக்கியமானது. ஆனால் புனர்வாழ்வு என்பது கட்டிடத்துக்குள் முடிகின்ற வேலை அல்ல. அங்கே சில கிழமைகள் பயிற்சி பெற்றுத் தேறிய ஒருவர் வீடு திரும்பியதும், மணல் ஒழுங்கையில் சக்கர நாற்காலி புதைந்தால் அந்தப் பயிற்சி அங்கேயே நின்றுவிடும். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் சுகாதாரத் துறையினர் பெருமளவில் நாட்டை விட்டு வெளியேறியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்டிடம் இருக்கும் இடத்தில் ஆட்களும் நிலைத்திருப்பார்களா என்பதே கேள்வி.

உடல் காத்திருக்காது

இப்படி எழுதும்போது ஒரு எதிர்க்கேள்வி எழும். நீதி கிடைக்கவில்லை, நிவாரணம் கிடைக்கவில்லை, வீதி இல்லை. அப்படியிருக்க மக்களிடம் பயிற்சி செய் என்று சொல்வது நியாயமா? நியாயம்தான் என்பது என் கருத்து. ஏனெனில் அரசு மாறும்வரை மூட்டு காத்திருக்காது. இறுகிய முழங்கால் பொறுப்புக்கூறல் வந்த பிறகு தானாக நிமிரப் போவதில்லை. உரிமையைக் கேட்டு வீதியில் இறங்குவதற்கும், நீதிமன்றப் படியேறுவதற்கும், சாட்சி சொல்வதற்கும் உடல் வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் தந்தையரும் பலர் பதில் கிடைக்காமலேயே இறந்துபோனார்கள். இருப்பவர்களின் உடலைப் பேணுவதும் அந்தப் போராட்டத்தின் ஒரு பகுதிதான்.

ஊர் மட்டத்தில் செய்யக்கூடியவை சில உண்டு. பாடசாலை மைதானங்களை மாலையில் ஒரு மணிநேரம் ஊருக்குத் திறந்துவிடலாம். தனியாக நடக்க முடியாத பெண்கள் மாதர் சங்கத்தின் பெயரில் கூட்டாக நடக்கலாம். பத்துப் பேர் சேர்ந்து போனால் ‘எங்க போறா?’ என்று யாரும் கேட்பதில்லை. கோயில் வெளிவீதி, தேவாலய வளவு, சனசமூக நிலையம் என்பவை நிழலும் சமதரையும் உள்ள இடங்கள். மாதத்தில் ஒருநாள் இயன்மருத்துவர் ஒருவர் அங்கே வந்து பத்துப் பதினைந்து பேரைப் பார்த்தால், அந்தப் பதினைந்து பேரின் பஸ் காசும் கூலியும் மிச்சம்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். சக்கர நாற்காலி வாங்கிக்கொடுத்துப் படம் எடுப்பது எளிது. ஆனால் உடலின் அளவுக்குப் பொருந்தாத சக்கர நாற்காலி முதுகை வளைக்கும், புண்ணைக் கொண்டுவரும். பயிற்சி கொடுத்தால் ஊன்றுகோலோடு நடக்கக்கூடிய ஒருவரை அது நிரந்தரமாக இருத்தியும்விடும். கொடுப்பதற்கு முன்னர் ஒரு இயன்மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் செயற்கைக் கால் திருத்துவதற்கும், ரயர் மாற்றுவதற்கும், கிளினிக் போய்வரும் செலவுக்கும், வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுப்பவரின் சம்பளத்துக்கும் ஒதுக்குங்கள். படத்தில் காட்ட முடியாத உதவிகள்தான் அவை. ஆனால் ஒருவரைக் கட்டிலில் இருந்து படலை வரைக்கும் கொண்டுவருபவை அவையே.